சூப்பர்சார்ஜர் மாட்ட இரண்டு நாள், சரியாக ஓடவைக்க ஆறு வாரம்

நேற்று சாயங்காலம்தான் வண்டி நான் நினைத்தபடி மணல்மேடு ஏறியது. ஆறு வாரத்துக்கு முன்பே ஏறியிருக்க வேண்டியது. நடந்ததெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு ஒரு வாரமாவது மிச்சமாகட்டும்.

வண்டி 2008 டொயோட்டா எஃப்ஜே குரூஸர். நான்கு லிட்டர் வி6 பெட்ரோல், 1ஜிஆர்-எஃப்இ எஞ்சின், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம்) 10:1. 33 அங்குல டயர், இரும்பு பம்பர், வின்ச், கூரை ரேக் என்று வருஷா வருஷம் எடை ஏறிக்கொண்டே போனது. முதலில் டிஃபரன்ஷியல் கியரை (சக்கரத்துக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) 4.56 விகிதத்துக்கு மாற்றினேன். பெரிய டயர் போட்டவர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்; பாதிப் பேருக்கு அதோடு தேவை முடிந்துவிடும். பாறை ஏற எனக்கும் அது போதுமாக இருந்தது. தளர்ந்த மணலில்தான் போதவில்லை. பாதி மேட்டில் மூச்சு நின்றுபோய் ரிவர்ஸில் இறங்குவதே வாடிக்கையாகிவிட்டது. அதனால்தான் சூப்பர்சார்ஜர் மாட்ட முடிவு செய்தேன்: எஞ்சின் பெல்ட்டால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி அது.

சென்ட்ரிஃபியூகல் வேண்டாம், ரோட்டர் உள்ள ரூட்ஸ் வகைதான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்ட்ரிஃபியூகலில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) மேலே போன பிறகுதான் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், வரும். காட்டு வழியில் நமக்கு இழுவை வேண்டியது 2000, 2500-இல். இன்டர்கூலரோடு (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) வரும், 7 பிஎஸ்ஐ பூஸ்ட் தரும் கிட் ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். யூனிட் நல்ல யூனிட்தான், அதோடு வந்த மற்றவைதான் படுத்தின.

பழைய எஞ்சினில் எதையும் தொடுவதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் மேலே யோசிக்க வேண்டும். எனக்குச் சரியாக இருந்தது. ஸ்பார்க் பிளக்கை ஒரு படி கூலான வகைக்கு மாற்றி, அதன் பொறி பாயும் இடைவெளியான கேப்பை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.8-க்குக் குறைத்தேன். பூஸ்டில் பழைய கேப்பை வைத்தால் பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும்.

பழைய இன்டேக்கை (எஞ்சினுக்குள் காற்று போகும் பாகம்) கழற்றி, யூனிட்டை உட்காரவைத்து, இன்ஜெக்டர் மாற்றி, கூலன்ட் லைன் இழுப்பது வரை இரண்டு நாள் வேலை. மேனுவலைப் பார்த்தே செய்துவிடலாம். அதில் ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

இன்டேக்கைத் தூக்கிய பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் துளைகளான ஆறு போர்ட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நான் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடியிருந்தேன். முதல் நாள் ராத்திரி, கேஸ்கெட் இருக்கும் முகத்தைத் துடைப்பதற்காக இரண்டு போர்ட்டில் மட்டும் டேப்பை எடுத்தேன். அப்புறம் போல்ட்டுகளை எண்ணிப் பார்க்கும்போது ஒரு வாஷர் குறைந்தது. கட்டைவிரல் நகத்தளவு வாஷர். கூட இருந்த நண்பன் டிராப் லைட்டைக் கீழே வைத்துவிட்டு, "டேய், அது கையில் வராமல் நீ சாவியைத் தொடக்கூடாது" என்றான். போர்ஸ்கோப்பை (குழாய் முனையில் உள்ள சின்னக் கேமரா) விட்டு இரண்டு போர்ட்டிலும் வால்வு வரைக்கும் பார்த்தோம். காந்தக் குச்சியால், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளம் முழுக்கத் துழாவினோம். ராத்திரி ஒன்றரை மணிக்கு அடியில் படுத்து ஸ்கிட் பிளேட்டை (அடியில் உள்ள பாதுகாப்புத் தகடு) கழற்றினால், அதன் மடிப்பில் பழைய சேற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. என் கை நடுக்கம் நிற்க கொஞ்ச நேரம் ஆனது. டேப்பை எடுக்கும் போர்ட்டில் உடனே ஒரு சுத்தமான துணியைச் சுருட்டி வையுங்கள். கழற்றும் போல்ட், வாஷர் எல்லாவற்றையும் எண்ணி எழுதி வையுங்கள். எண்ணிக்கை இருந்ததால்தான் ஒன்று குறைந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் இன்னொரு இடி. இன்டர்கூலர் லைனுக்கான ரப்பர் எல்போ, பார்ட்ஸ் லிஸ்ட்டில் இரண்டு, பெட்டியில் ஒன்று. அது வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அத்தனை நாளும் வண்டி பிரித்துப் போட்டபடியே நின்றது. பெட்டி வந்த அன்றே லிஸ்ட்டை வைத்து ஒவ்வொரு பொருளாகச் சரிபார்க்காதது என் தப்பு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சாவியை ஆன் வரை மட்டும் மூன்று நான்கு தடவை திருப்பி, பம்ப் அழுத்தம் ஏற்றியதும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்காவது சிலிண்டரில் ஓ-ரிங் மடிந்து பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. சூடான எஞ்சின் மேல் அந்தக் கசிவு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஓ-ரிங்கில் துளி எண்ணெய் தடவி உட்காரவைத்தால் மடியாது.

ஸ்டார்ட் ஆனது. பெல்ட் கீச்சென்றது. பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லியின் பிராக்கெட் உட்காரும் முகத்தில் பவுடர் கோட்டிங் தடிப்பாக இருந்ததால் புல்லி சாய்ந்து நின்றிருக்கிறது. நேர்கோல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த முகத்தை மட்டும் சுரண்டிவிட்டேன், சத்தம் போய்விட்டது.

இனிமேல்தான் என்னை உண்மையிலேயே வதைத்த கதை.

கிட்டோடு ஈசியு-வுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூன் ஃபைல் அனுப்பினார்கள். ஏற்றினேன். ஐடில் (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கியது. இருபது நிமிஷம் ஓட்டியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. பி0171, பி0174. அதாவது இரண்டு பேங்கும் (சிலிண்டர் வரிசையும்) லீன். எஞ்சினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கிட் விற்றவர்களுக்கு எழுதினேன். "எங்காவது வாக்யூம் லீக் இருக்கும், உங்கள் ஃபிட்டிங்கைச் சரிபாருங்கள்" என்று ஒரு வரி பதில். அதாவது சென்சாரில் அளக்கப்படாத காற்று ஓட்டை வழியாக உள்ளே போகிறதாம். சரி, நம் கை வேலைதான், நம் தப்பாகத்தான் இருக்கும் என்று எல்லா ஹோஸையும் திரும்பப் பார்த்தேன். இன்டேக் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்த்தேன். லீக் இல்லை. மறுபடி எழுதினேன். அதே பதில். ஸ்மோக் மெஷின் இரவல் வாங்கி இன்டேக் முழுக்கப் புகை ஏற்றினேன். ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். "எங்கள் ஃபைலில் தவறு இருக்க வாய்ப்பில்லை, இதே ஃபைல் எல்லோருக்கும் ஓடுகிறது" என்று பதில் வந்தது. இதிலேயே பதினோரு நாள் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஓபிடி ரீடரை (ஈசியு-வின் தகவல்களைப் படிக்கும் கருவி) மாட்டி, ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை, லாக் எடுத்தேன். ஐடிலில் +21 சதவீதம். 1500-இல் +20. 2500-இல் +22. நெடுஞ்சாலை வேகத்திலும் அதேதான். இதை எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: வாக்யூம் லீக் என்றால் ட்ரிம் ஐடிலில் உச்சத்தில் இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏறக் குறையும். ஏனென்றால் லீக்கில் நுழையும் காற்று, எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றில் சின்னப் பங்காகிக்கொண்டே போகும். எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவு நின்றால், வரும் காற்றைச் சென்சார் குறைத்து அளக்கிறது, அல்லது பெட்ரோல் எல்லா இடத்திலும் குறைவாக வருகிறது. இன்ஜெக்டர் பார்ட் நம்பரைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. மிச்சம், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உட்காரும் குழாய். வெர்னியர் வைத்து அளந்தேன். பழைய ஏர் பாக்ஸ் குழாயைவிட கிட்டில் வந்த குழாய் அகலமானது. அதே சென்சாரை அகலமான குழாயில் வைத்தால் காற்று மெதுவாகக் கடக்கும், சென்சார் குறைவாகக் காட்டும், ஈசியு அதற்கேற்ற குறைந்த பெட்ரோலைத்தான் கொடுக்கும். அவர்கள் அனுப்பிய ஃபைல் பழைய குழாய்க்கான அளவில் எழுதப்பட்டது.

லாக், வெர்னியரோடு எடுத்த படம், இரண்டு குழாயின் அளவு மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்பினேன். அன்று ராத்திரியே புது ஃபைல் வந்தது. ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. ஏற்றியதும் ட்ரிம் 3 சதவீதத்துக்குள் வந்து நின்றது. ஐடில் அசையவில்லை. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

இதில் நல்ல வேளை ஒன்று உண்டு. லாக் பார்க்காமல் முழு த்ராட்டில் கொடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். பழைய ஃபைலில் ஒரே ஒரு தடவை லேசாக ஏற்றம் ஏறும்போது பூஸ்ட் 4 பிஎஸ்ஐ தொட்டது. காற்று, பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 13.4 காட்டியது; எண் கூடினால் பெட்ரோல் குறைவு. காலை எடுத்துவிட்டேன். பூஸ்டில் அது 11.5-க்கும் 12-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த 13.4-இல் அழுத்திப் பிடித்திருந்தால் நாக் அடித்து (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்து) பிஸ்டன் போயிருக்கும். வைட்பேண்ட் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கிட்டில் அது வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் சூடு. 30 டிகிரி காற்றை 7 பிஎஸ்ஐ-க்கு அழுத்தினால் சூப்பர்சார்ஜரிலிருந்து 80-ஐத் தாண்டி வெளியே வரும். அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். அதன் தண்ணீர் எஞ்சின் தண்ணீரோடு சேராமல் தனியாக ஓடும், முன்னால் தனி ரேடியேட்டர், தனி மின் பம்ப். எனக்குச் சாதாரண ரோட்டிலேயே இன்டேக் வெப்பம் 78 காட்டியது. பம்ப் பக்கம் காதை வைத்தால் களக் களக் என்று சத்தம். லைனில் காற்று அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து ஊற்றினால் போகாது. முன் சக்கரங்களை ராம்ப் மேல் ஏற்றி, நிரப்பும் வாய்தான் மொத்த லைனிலும் உயரமான இடம் என்று ஆன பிறகு பம்பை ஓடவிட்டு, ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். நாற்பது நிமிஷம் குமிழ் வந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூடுதலாக உள்ளே போனது.

அதற்குப் பிறகு ரோட்டில் சரியாகிவிட்டது. மணலில் இல்லை. முதல் மேட்டிலேயே 84. யோசித்துப் பார்த்தால் மணல்தான் இருப்பதிலேயே கொடுமையான இடம். பாறையில் ஊரும்போது த்ராட்டில் லேசாகத்தான் இருக்கும், அழுத்தத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தே கிடக்கும், பூஸ்ட் இருக்காது. மணலில் முழு பூஸ்ட், உயர்ந்த ஆர்பிஎம், ஆனால் வண்டி வேகம் இல்லாததால் முன்னாலிருந்து காற்றும் இல்லை. என் வண்டியில் அந்தச் சின்ன ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வின்ச்சும் அதன் கன்ட்ரோல் பாக்ஸும் அடைத்துக்கொண்டு நின்றன. மேனுவலில் இரும்பு பம்பர், வின்ச் பற்றி ஒரு வரி கிடையாது. ஆஃப்ரோடு வண்டிக்கு என்று விற்கும் கிட்டில் இதை எழுதாதது பெரிய குறை. கன்ட்ரோல் பாக்ஸை எஞ்சின் அறைக்குள் மாற்றினேன், ரேடியேட்டரைக் கொஞ்சம் இறக்கி, அதற்குப் பின்னால் ஒரு 9 அங்குல மின்விசிறி வைத்தேன்.

நேற்று, அதே மேடு. வெளியே 31 டிகிரி. டயரில் 14 பிஎஸ்ஐ. லோ ரேஞ்ச் வேண்டாம் என்று ஹை ரேஞ்சிலேயே இரண்டாவது கியரில் எடுத்தேன். எப்போதும் நின்றுபோகும் அந்தப் பாதி மேட்டில் காலைக் கொஞ்சம் அழுத்தினேன், ரோட்டர் சத்தம் ஏறியது, வண்டி குறையாமல் அப்படியே உச்சிக்குப் போனது. உச்சியில் இன்டேக் 57. அடுத்தடுத்து நான்கு தடவை ஏறினேன். 60-ஐத் தாண்டவில்லை.

சில சின்ன விஷயங்கள். சரிவில் ஏறும்போது டாங்கில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கும். பம்ப் ஒரு வினாடி காற்றை இழுத்தாலும் பூஸ்டில் அது லீன்தான். அரை டாங்குக்குக் கீழே போனால் நான் இப்போது மேடு ஏறுவதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் கிரீஸ் தடவி, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் திறந்து பாருங்கள்; மணல் உள்ளே போனால் ரோட்டரின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல. தொலைதூரப் பயணத்தில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் தரம்) எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் டைமிங் (பொறி விடும் நேரம்) குறைத்த இன்னொரு ஃபைலையும் அவர்களிடம் கேட்டு வாங்கி வையுங்கள். எனக்குக் கேட்டதும் கொடுத்தார்கள். அதே மாதிரி பெல்ட் ஒன்று உபரியாக வண்டியில் இருக்கட்டும். கிட்டின் பெல்ட் நீளம் வேறு, பழைய பெல்ட் இதற்குப் பொருந்தாது.

நேற்று நான்காவது ஏற்றத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் வெப்பம் 118 டிகிரி காட்டியது. அதுதான் அடுத்து. கூலர் ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பெட்டி வந்த அன்றே லிஸ்ட்டோடு உட்கார்ந்துவிடுவேன்.