ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி

குடும்ப வன்முறை வழக்கில் இடைக்கால உத்தரவு கைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. கணவர் மேல் இருப்பது தனிக்கதை. இது என்னை அலையவிட்டவர்கள் மேல், கொஞ்சம் என் மேலும்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மணிக்கட்டு வீங்கி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டியில் கூட்டிப்போனதே கணவர்தான். "எப்படிம்மா ஆச்சு?" என்றார் டூட்டி டாக்டர். கணவர் என் கைப்பையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றேன். காயம் எப்படி ஆச்சு என்று ஆஸ்பத்திரியில் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியில் அப்படியே ஏறிவிட்டது. அந்தக் காகிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பத்து மாதம் கழித்து அவருடைய வக்கீல் அந்த ஒரு வரியை மட்டும் மஞ்சள் மார்க்கரில் தீட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். உங்களுக்கு இந்த நிலை வந்தால், எக்ஸ்ரே எடுக்க உள்ளே போகும்போதாவது நர்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். "தழும்பு ஏதாவது இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. சம்பளம் வந்த அன்றே ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்கிறார், தங்கையிடம் பேசக்கூட விடுவதில்லை என்றேன். "இதெல்லாம் எந்த வீட்டுலம்மா இல்ல?" என்றார் அங்கிருந்த போலீஸ் அம்மா. பிறகு கணவரை வரவழைத்து, இனிப் பிரச்சினை செய்ய மாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கி ஒரே ஆட்டோவில் அனுப்பிவைத்தார்கள். செய்யாதவளும் "செய்ய மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டேன். அதை மட்டும் போடாதீர்கள். கொடுத்த மனுவுக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. அன்று ராத்திரி நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. விடியற்காலையில் மொட்டைமாடியிலிருந்து பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினேன். இப்படிப்பட்ட புகாரைப் பதிந்து கோர்ட்டுக்குக் கொண்டுபோக உதவும் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. மகளோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அம்மா வீடு வேறு மாவட்டம். அங்கே சமூக நல அலுவலகத்தில் இருந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடித்தனம் நடத்தின ஊர்லதான் கொடுக்கணும்." நான்கு மணி நேரப் பஸ், மடியில் காய்ச்சலோடு குழந்தை. குடித்தனம் நடத்திய ஊரில் இருந்த பாதுகாப்பு அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாமாம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் "பிரிவு 27" என்று அவரையே எழுதித் தரச் சொன்னேன். மறுநாள் அதைக் கிளார்க் மேஜையில் வைத்தபோதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

திருமணச் சான்றிதழ் கணவர் வீட்டு பீரோவில் மாட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் ரேஷன் கார்டும் போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

படிவம் நிரப்பிய நாள் மறக்காது. எந்தெந்தக் கொடுமை என்று அதில் வரிசையாக இருக்கும், நாம் டிக் அடிக்க வேண்டும். உடல் ரீதியானவற்றில் இரண்டு டிக். அவ்வளவுதான் என்று பேனாவை மூடினேன். "அடுத்த பக்கமும் இருக்கும்மா" என்றார் அலுவலர். சம்பளத்தைப் பிடுங்குவது, கேட்காமல் நகையை அடகு வைப்பது, யாரையும் பார்க்கவிடாமல் தடுப்பது... ஏழு வருஷமாக "அவருக்குக் கோபம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவந்தேன். கோபத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

வக்கீல் இலவசச் சட்ட உதவியில் கிடைத்தார். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, சம்பளம் வாங்குகிறோமே என்று தயங்க வேண்டாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்கிறது சட்டம். எனக்கு 23-ஆம் நாள். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் இருக்கிறது. வக்கீலிடம் சொன்னேன், சிரித்தார்.

உத்தரவு நகல் வாங்கப் போனபோது ஒருவர் "செலவுக்கு" என்று இழுத்தார். "பிரிவு 24, இலவசம்" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். ஒரு நகலை அதே மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்து, இந்த முறை கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

அடுத்த வாய்தாவில் அந்த மஞ்சள் வரியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்கிறார் வக்கீல். கைப்பையை யார் பிடித்திருந்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன்.