கூரையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

போன மார்ச்சில் அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஹைலேண்ட் கவுண்டிக்குப் போனோம். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மேப்பிள் மரப் பாகுத் திருவிழா. ஸ்டாண்டனிலிருந்து 250ஆம் நெடுஞ்சாலை, ஒரு மலை ஏறி இறங்கினால் அடுத்த மலை, பின் சீட்டில் சின்னவள் இரண்டு முறை வாந்தி. கவுண்டியிலேயே நகரம் என்று பதிவானது மான்டரே ஒன்றுதான். மற்ற ஊர்களுக்கெல்லாம் மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் தலைவர், வார்டு மெம்பர் யாருமே இல்லை, நல்லது கெட்டது எல்லாம் கவுண்டி நிர்வாகம்தான்.

அப்படி ஒரு ஊர்தான் ஹைடவுன். ஊர் என்று சொல்லக்கூட யோசனையாக இருக்கிறது, நாலைந்து வீடு, மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு களஞ்சியக் கொட்டகை இருக்கிறது, அதன் கூரையில் ஒரு பக்கம் விழும் மழை ஜேம்ஸ் ஆற்றுக்கும் மறுபக்கம் விழுவது பொட்டோமக் ஆற்றுக்கும் போகிறது என்கிறார்கள். ஒன்று ரிச்மண்ட் வழியாக, மற்றது வாஷிங்டன் வழியாக. அன்றைக்குப் பார்த்து மழையே இல்லை! சின்னவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "நான் ஊத்திப் பாக்கவாப்பா?" என்றாள். அடுத்தவர் கொட்டகை, வேண்டாம் என்று இழுத்து வந்தேன்.

அப்புறம் மேப்பிள் பாகு. காய்ச்சும் கொட்டகைக்குள் ஒரே ஆவி, வாசனை அப்படியே வெல்லம் காய்ச்சும் ஆலை. ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாறு வேண்டுமாம். விலையைக் கேட்டு முதலில் முணுமுணுத்தவன், இதைக் கேட்டதும் பேசாமல் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று ஏற்கெனவே காலி, தோசைக்கு.