குதிக்காமல் கிடக்கும் குதிக்கும் சிலந்தி: ஃபியேசியஸ்

குதிக்கும் சிலந்தியைத் தேடும் கண் அசைவைத்தான் தேடும். ஃபியேசியஸ் பேரினம் பலர் கண்ணில் படாமல் போவதற்கு இந்தப் பழக்கமே காரணம். அடிமரத்தில் கால்களைப் பரப்பி, பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். இரை மிக அருகே வந்தால் பாய்ந்து பிடிக்கும். தூரத்திலிருந்து பதுங்கிப் போய்த் தாக்கும் வேலையெல்லாம் இதற்குக் கிடையாது.

1900-இல் பிரெஞ்சுச் சிலந்தியியலாளர் சிமோன் பெயரிட்ட பேரினம் இது. இலங்கை, இந்தியா, நேபாளம் தொடங்கித் தென்கிழக்காசியா வரை உண்டு. குதிக்கும் சிலந்திகளுக்குள் இது சேரும் ஸ்பார்ட்டேயினே துணைக்குடும்பத்தில், புகழை எல்லாம் போர்ஷியா என்ற இன்னொரு பேரினம் வாரிக்கொண்டது. அதற்கு இணையாக வியக்கவேண்டியது இந்தச் சோம்பேறி.

சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில் ஓரடி உயரத்திலிருந்து தலைமட்டம் வரை மெதுவாகப் பாருங்கள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பட்டையை உரசிப் போகிற மாதிரி பக்கவாட்டில் அடித்தால் கால்களின் மெல்லிய நிழல் காட்டிக்கொடுக்கும். கையால் தட்டிப் பார்க்க வேண்டாம். ஓடிவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதே பட்டையில் இதே தோரணையில் ஹெர்சீலியா என்ற வேறு குடும்பத்துச் சிலந்தியும் கிடக்கும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். பின்பக்கம் வால்போல நீண்ட இரண்டு நூற்பு உறுப்புகள் இருந்தால் அது ஹெர்சீலியா. முகத்தில் முன்னோக்கி இரண்டு பெரிய கண்கள் இருந்தால் குதிக்கும் சிலந்தி. அதன்பிறகு மேலிருந்து ஒரு மேக்ரோ படம் எடுத்து, தலைமேல் உள்ள நடு இணைக் கண்களைப் பாருங்கள். பெரும்பாலான குதிக்கும் சிலந்திகளில் அவை ஊசிமுனைப் புள்ளிகள்தான். ஃபியேசியஸில் நன்றாகப் பெரியவை. ஆனால் இதை மட்டும் வைத்துப் பேரினத்தை முடிவுசெய்யக் கூடாது. அதே துணைக்குடும்பத்துப் பேரினங்களான போர்ஷியா, காகலஸ் ஆகியவற்றிலும் அப்படித்தான். தட்டையான உடல், பட்டையில் ஒட்டிக் கிடக்கும் விதம் இரண்டும் சேர்ந்தால்தான் ஃபியேசியஸ் என்று சொல்லலாம். கால்களில் குஞ்சம் குஞ்சமாக முடி, நடையில் விட்டுவிட்டு ஆட்டம் என்றால் போர்ஷியா பக்கம் போங்கள்.

சிற்றினம் வேண்டுமென்றால் படம் போதாது. ஆணின் பெடிபால்பையும் (வாயருகே கால்போல் இருக்கும் சிறு உறுப்பு), பெண்ணின் அடிவயிற்றில் உள்ள இனப்பெருக்கத் தட்டையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முதிராத சிலந்தியில் இவை உருவாகியிருக்காது. அதைப் பிடித்துப் பயனில்லை. உரிய அனுமதியோடு மாதிரி எடுத்தால், உயிரோடிருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள், சாராயத்தில் நிறம் வெளுக்கும். 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும். ஒரு குப்பிக்கு ஒரு சிலந்தி. இரண்டை உயிரோடு போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். இடம், தேதி, மரத்தில் இருந்த உயரம் மூன்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.

சில நாள் வைத்துக் கவனிப்பதானால், டப்பாவுக்குள் ஒரு பட்டைத் துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். விட்ட ஈ மூடியிலேயே சுற்றினால் சிலந்தி துரத்திப் போகாது. சாப்பிட மறுக்கிறது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. இரை பட்டைமேல் நடந்து வர வேண்டும்.