கேஸ் ஷீட்டில் இல்லாத கட்டம்

கல்லீரல் பிரிவின் ஆய்வகத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் ரத்தம் எடுப்பது, மதியம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனைக்குத் தட்டு போடுவது. தட்டில் 96 குழிகள். ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருந்தால் குழி முதலில் நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகிவிடும். காமாலைக்காரருக்குத் தட்டும் மஞ்சளிலேயே பதில் சொல்கிறதே என்று சேர்ந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது.

ஊசி குத்தும் நேரத்தில்தான் நோயாளிகள் மனம் திறப்பார்கள். ஓர் அம்மா, மகனுக்கு ரத்தம் எடுக்கும்போது குனிந்து, "கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கிறேன் தம்பி, டாக்டரிடம் சொல்லிவிடாதே" என்றார். பையனுக்கு வந்திருந்தது ஹெபடைடிஸ் ஏ. அடுத்த முறை, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 9இலிருந்து 3க்கு இறங்கியிருந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. ஏ வகை பெரும்பாலும் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் எது வயிற்றுக்குள் போனதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பாட்டி அரைத்துக் கொடுத்தது அதுதானே.

கீழாநெல்லியைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாட்கள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. கட்டுரையாளர்களில் ஒருவர், அந்தக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க். ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிறகு செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் தேநீர் நேரத்துச் சண்டைகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் ஒரு லாரி ஓட்டுநர். நாள்பட்ட பி வகை, கிருமியை அடக்கிவைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டுவந்தார். கண் வெளுத்துவிட்டது, இனி மூலிகை போதும் என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். வழக்கம்போல ரகசியத்தைக் காப்பாற்றினேன். மூன்று மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்தார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 1,400க்கு ஏறியிருந்தது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி இப்படிச் சீறும் என்பது எனக்குத் தெரியாத செய்தியா?

பிழைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டைப் புரட்டிய பெரிய டாக்டர், "இவர் மாத்திரையை நிறுத்தியது யாருக்குமே தெரியாதா?" என்று பொதுவாகக் கேட்டார். நாட்டு மருந்தை எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. நான் தலை குனிந்து டியூப்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு, கையில் ரப்பர் பட்டை கட்டும்முன்பே சொல்லிவிடுவேன்: "என்னிடம் சொல்வதை நான் எழுதிவிடுவேன் அம்மா." ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தேன். சிலர் அதற்குப் பிறகு என்னிடம் எதையுமே சொல்லவில்லை.