உரிமம் வண்டிக்கு, கணக்கு லாயத்துக்கு

நியூயார்க் நகரில் வாடகைக் குதிரை வண்டிக்குப் புது உரிமம் என்று ஒன்று கிடையாது. வண்டிகளின் எண்ணிக்கையை 68-ஓடு நிறுத்தி நகரச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. இந்தத் தொழிலுக்குள் வர நினைப்பவர் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன்பு, விலகப்போகும் ஓர் உரிமையாளரைத் தேட வேண்டும். டாக்சிக்காரர்களைப் போலவே இங்கேயும் அந்த உரிமத்தை 'மெடாலியன்' என்றுதான் சொல்வார்கள். அது பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறும். வெளி ஆளுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். கைமாற்றத்துக்கு நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். விற்பவர் பெயரில் நிலுவை அபராதமோ முடியாத வழக்கோ இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர்கள் பிறகு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

மெடாலியன் கைக்கு வந்ததும் தொழில் வந்துவிட்டதாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. அது வண்டிக்கான தாள் மட்டுமே. குதிரைக்குத் தனி உரிமம், அதைத் தருவது நகரச் சுகாதாரத் துறை. ஓட்டுநருக்கு இன்னொன்று. குதிரை நிற்கும் லாயம் அதற்குரிய விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று காலாவதியானால் மற்றவை செல்லுபடியாக இருந்தும் வண்டி தெருவுக்குப் போகாது. எந்தத் தாள் எந்தத் துறையில், எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரே காலண்டரில் குறித்துச் சுவரில் மாட்டிவைப்பதை அனுபவஸ்தர்கள் யாரும் தவறவிடுவதில்லை.

உரிமத்தைவிடக் கடினம் லாயத்தில் இடம் பிடிப்பது. மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் லாயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்கு 52-ஆம் தெருவில் இருக்கும் கிளின்டன் பார்க் லாயம்தான் அவற்றில் பெரியது. மாடி வைத்த கட்டடம். குதிரைகள் சாய்தளத்தில் ஏறி மேல்தளத்துக்குப் போகும். ஒரு குதிரைக்கான தடுப்பறை குறைந்தது 60 சதுர அடி, அகலம் குறைந்தது 7 அடி இருக்க வேண்டும் என்பது விதி. குதிரை உள்ளேயே திரும்பவும் படுக்கவும் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அகலம். அமெரிக்கப் பண்ணைகளில் வழக்கமான அளவு 12-க்கு 12, அதாவது 144 சதுர அடி. அதோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. விதிப்படி சரியாக இருப்பதும் குதிரைக்குப் போதுமானதாக இருப்பதும் ஒன்றல்ல என்று இந்தத் தொழிலின் எதிரிகள் சொல்வது இந்த ஓர் இடத்தில் நியாயமாகவே படுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு மெடாலியனுக்கு ஒரு குதிரை போதாது. தொடர்ந்த எந்த 24 மணி நேரத்திலும் ஒரு குதிரை 9 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஒவ்வொரு 2 மணி நேர வேலைக்கும் குறைந்தது 15 நிமிட ஓய்வு உண்டு. வண்டியைப் பகலிலும் இரவிலும் ஓட்ட வேண்டுமானால் இரண்டு குதிரைகள் கட்டாயம். ஒவ்வொரு குதிரைக்கும் ஆண்டுக்கு 5 வாரம் நகருக்கு வெளியே விடுமுறை தர வேண்டும், அங்கே தினமும் திறந்தவெளியில் உலவவும் வேண்டும். லாடப் புண், சளி, சதைப்பிடிப்பு என்று ஒன்று படுத்துவிட்டால் ஈடுகொடுக்க மூன்றாவது தேவைப்படும். நகரில் 68 வண்டிகளுக்கு ஏறத்தாழ 200 குதிரைகள் இருப்பதன் காரணம் இதுதான். மூன்று குதிரை என்றால் மூன்று தடுப்பறை வாடகை. விடுமுறைக்குப் போன குதிரையின் அறையைக் காலியாக விட்டால் அதற்கும் வாடகை ஓடும். 700 கிலோ எடையுள்ள குதிரை தினமும் தின்னும் வைக்கோலும் புல்லும் அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு, அதாவது 10 முதல் 14 கிலோ. தண்ணீர் 40 லிட்டருக்குக் குறையாது, கோடையில் இன்னும் கூடும். வைக்கோல் லாரியில் வருகிறது, சாணம் லாரியில் போகிறது. மன்ஹாட்டனில் இரண்டுக்குமே விலை உண்டு.

மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. 2015-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உல்லாசச் சவாரிகளைச் சட்டவிரோதம் என்றது. லாயங்களுக்கு உரிய உரிமம் இல்லை என்பதும் அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது.

குதிரை வாங்கும்போது, பென்சில்வேனியாவில் இயந்திரங்களைப் பெரிதும் தவிர்த்து வாழும் ஆமிஷ் சமூகத்தாரின் பண்ணைகளில் ஏற்கெனவே ஏரும் வண்டியும் இழுத்துப் பழகியதைத்தான் பலரும் தேடுகிறார்கள். சாலையில் லாரி உரசிக்கொண்டு போனாலும் நிலைகுலையாத பழக்கம் அதற்கு இருக்கும். ஆனால் தரைக்கடியிலிருந்து புகையாகக் கிளம்பும் நீராவி, பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு, பேருந்து பிரேக்கின் சீறல், காற்றில் திடீரென விரியும் குடை இவையெல்லாம் அதற்குப் புதிது. இரும்புத் தகட்டில் ஈரம் பட்டால் வெறும் லாடம் வழுக்கும். ரப்பர் அடித்தட்டோ கார்பைடு குமிழோ வைத்து லாடம் அடிப்பார்கள். அதுவும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வயதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேலையில் சேரும்போது குதிரைக்கு வயது 5-க்குக் குறையவும் கூடாது, 18-ஐத் தாண்டவும் கூடாது. 26-க்கு மேல் வண்டிக் குதிரையாக உரிமமே இல்லை. 2022 ஆகஸ்டில் ஒன்பதாவது அவென்யூவில் சரிந்து விழுந்த ரைடர் என்ற குதிரைக்கு ஆவணத்தில் 13 வயது என்று இருந்தது. உண்மையில் வயது அதைவிட வெகுவாகக் கூடுதல் என்று பரிசோதனையில் தெரிந்தபோது மொத்தத் தொழிலின் பெயரும் கெட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விடலாம். விலைக்கு வாங்கும் குதிரைக்கு அது ஆகாது. மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் 10 வயதையொட்டி ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தோன்றும். 15-இல் பாதிப் பல்லுக்கு இறங்கும், 20-இல் முழு நீளமும் ஓடும், அதன்பின் மேலிருந்து மறைய ஆரம்பிக்கும். இது துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனாலும் 13-ஐயும் 20-ஐயும் பிரித்துக் காட்டப் போதும். விற்பவர் தரும் காகிதத்தை நம்பாமல், வாங்குபவர் தன் செலவில் ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போய் வாயைத் திறந்து பார்ப்பது நல்லது. உரிமம் கிடைத்த பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடைவெளி 4 மாதத்துக்குக் குறையக் கூடாது, 8 மாதத்தைத் தாண்டவும் கூடாது. ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று சேர்த்து முடித்துவிட்டு, கணக்குத் தீர்ந்ததென்று இருந்துவிட முடியாது.

ஓட்டுநர் உரிமத்துக்குப் பயிற்சி வகுப்பு, தேர்வு எல்லாம் உண்டு. உரிமையாளரே ஓட்டினாலும் அதிலிருந்து விலக்கில்லை. வகுப்பில் சொல்வதில் உயிர் காக்கும் விதி ஒன்று: ஏர்க்காலுக்கு நடுவே குதிரை பூட்டியிருக்கும்வரை கடிவாளத்தைத் தலையிலிருந்து கழற்றக் கூடாது. தீனிப்பை மாட்டவோ வார் சரிசெய்யவோ 'ஒரு நிமிஷம்தானே' என்று கழற்றினால், அதோடு சேர்ந்த கண்மறைப்பும் விலகியதும் தனக்குப் பின்னால் ஒரு வண்டி தன்னோடு ஒட்டிக்கொண்டு வருவதைக் குதிரை முதல்முறையாகப் பார்க்கும். அது ஓடும், ஓட ஓட வண்டியும் துரத்தும். பூட்டும்போது கடிவாளம் முதலில், அவிழ்க்கும்போது வண்டி முதலில். அதேபோல் பின்தொடையைச் சுற்றி வரும் தடுப்பு வாரை அளவாக இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்திருந்தால் சரிவில் இறங்கும்போது வண்டி முன்னால் வந்து பின்கால் மூட்டில் இடிக்கும். மிரளும் குதிரைகளில் சில குணத்தால் மிரள்வதில்லை, இந்த வார் தளர்வால்தான் மிரள்கின்றன. பிரேக் சரியாக இருக்கிறது என்று இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பிரேக் வண்டியை நிறுத்தும், குதிரையை நிறுத்தாது.

வருமானத்தில் கைவைப்பது வானிலை. 18 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்குக் கீழோ போனாலும், 90-ஐத் தொட்டாலும் வேலை நிறுத்தம். 2019-இல் இன்னொன்றும் சேர்ந்தது. 80 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கும்போது, வெப்பநிலையையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 150 வந்துவிட்டாலும் நிறுத்த வேண்டும். 82 டிகிரியும் 70 விழுக்காடும் என்றால் 152. நம் ஊர்க்காரருக்கு 82 என்பது 28 செல்சியஸ்கூட இல்லாத இதமான நாள். குதிரைக்கு அப்படியில்லை. அது வியர்வையால்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்தால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகும். சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் இந்த நாட்களும் வரும். கடன் வாங்கி மெடாலியன் எடுப்பவர் மாதத் தவணையைக் கோடை வருமானத்தை நம்பித் திட்டமிட்டால் முதல் ஆண்டிலேயே சிக்கிக்கொள்வார்.

நிறுத்தம் வந்தால் தீனியையும் குறைக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். வேலை இல்லாமல் நின்ற குதிரைக்கு வழக்கமான தானியத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வண்டியில் பூட்டினால் அரைமணியில் இடுப்புச் சதை கல்லாக இறுகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு வந்ததால் பழைய வண்டிக்காரர்கள் இதைத் 'திங்கட்கிழமை நோய்' என்றார்கள். அந்த நிலையில் குதிரையை நடத்தி லாயம் சேர்க்கப் பார்க்கக் கூடாது. நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்து, மருத்துவரை அழைக்க வேண்டும். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கோலைக் கூட்டினால் பெரும்பாலும் இது வராது.

கட்டணம் நகரம் நிர்ணயிப்பது. 2010-இல் முதல் 20 நிமிடத்துக்கு 50 டாலர், அடுத்த ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் 20 டாலர் என்று வைத்தார்கள். பிறகு உயர்ந்திருக்கிறது. 2019 முதல் பயணிகளை சென்ட்ரல் பார்க்குக்கு உள்ளேதான் ஏற்ற வேண்டும். நிற்கும் இடம் மாறியது, லாயம் மாறவில்லை. காலையும் மாலையும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வாகன நெரிசலுக்குள் நடந்து வர வேண்டிய ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. லாயத்தைப் பூங்காவுக்குள் கொண்டுவரும் ஒப்பந்தம் ஒன்று 2016 பிப்ரவரியில் முறிந்துபோனது. 2025 ஆகஸ்டில் பூங்காவைப் பராமரிக்கும் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சியே குதிரை வண்டிகள் வேண்டாம் என்று அறிவித்தது. மெடாலியன் வாங்கும் ஒப்பந்தத்தில், தடைச்சட்டம் வந்தால் மீதிப் பணம் என்ன ஆகும் என்று ஒரு பிரிவு எழுதாமல் கையெழுத்துப் போடுவது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம்.

கடைசியாக, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. ஒவ்வொரு குதிரைக்கும் தரப்படும் அடையாள எண்ணை இடது முன்னங்குளம்பில் பொறித்திருப்பார்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்து கீழே இறங்கும். லாடக்காரர் அரம் போடும்போது எண்ணின் அடிப்பகுதி தேய்ந்து 8 என்பது 0 மாதிரியும், 7 வெறும் கோடாகவும் தெரியும். ஓராண்டுக்குள் பழைய எண் போய்ச்சேரும். லாடக்காரர் வரும் நாளிலேயே உரிமத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளம்பைக் கழுவி, எண் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, மங்கியிருந்தால் அப்போதே மேலே புதிதாகப் பொறித்துவிட வேண்டும். ஆய்வாளர் தாளைக் கேட்பதற்கு முன்பு குனிந்து பார்ப்பது அந்தக் குளம்பைத்தான்.