வரைபடத்தில் வெளிறிய ஊர்கள்

சேலம் மாவட்டத்தில் புற்றுநோய் விவரம் திரட்டி, ஊர்வாரியாக வரைபடத்தில் காட்டுவது என் வேலை. சென்னையில் இதற்கான பதிவேடு 1982 முதலே இருக்கிறது. மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுப் பணி 2012-இல் தொடங்கியது. மருத்துவமனைகள் அனுப்பட்டும் என்று காத்திருந்தால் பாதி வராது. ஆவண அறை, திசுப் பரிசோதனைக் கூடம், இறப்புப் பதிவேடு என்று நாமே போய்த் தேட வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அடையாறு, வேலூர், கோவை, பெங்களூரு என்று எங்கெங்கோ வைத்தியத்துக்குப் போகிறார்கள். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று வயதோடு பதிவாகியிருப்பதும் உண்டு.

அதைவிடச் சிக்கல் முகவரி. ஏற்காடு மலையிலிருந்து கீழே இறங்கிவரும் அம்மா, அம்மாபேட்டையில் மகள் வீட்டில் தங்கி சிகிச்சை பெறுவார்; சீட்டில் மகள் வீட்டு முகவரிதான் இருக்கும். குறைந்தது ஓராண்டு வாழ்ந்த ஊரில்தான் கணக்கு சேர வேண்டும் என்பது விதி. விசாரிக்காமல் விட்டால் மலையின் நோய் நகரத்தின் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது வயது. இளையவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊரில் மீதி இருப்பவர்கள் முதியவர்கள். அங்கே நேரடியாகக் கணக்குப் போட்டால் விகிதம் எகிறும். வயதைச் சரிக்கட்டி, லட்சம் பேருக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் ஊரோடு ஊரை ஒப்பிடலாம். அப்போதும் சின்ன ஊரில் இரண்டு பேர் கூடினாலே நிறம் மாறிவிடும் என்பதால் சில ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

வரைபடத்தை விரித்ததும் எல்லோர் கண்ணும் நோய் அதிகம் என்று காட்டும் அடர்ந்த நிறத்துக்கே போகிறது. "அந்த ஆலைப் புகையாலதானே சார்?" என்று உடனே கேட்பார்கள். கவலை நியாயமானதுதான், ஆனால் எங்கே என்பதைக் காட்டும் படம் ஏன் என்பதைச் சொல்லாது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும். எனக்கு உறுத்தியது வெளிறிக் கிடந்த சில மலை ஊர்கள். அங்கே நோய் குறைவு என்று எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை.

மேலே போய்க் கேட்டபோது கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னார்: "வயித்துல கட்டின்னு ரெண்டு பேரு போய்ட்டாங்க சார். ஸ்கேன்கூட எடுக்கல." இறப்புப் பதிவில் இருந்தது முதுமை என்ற ஒரே சொல். கொண்டை ஊசி வளைவுகள் தாண்டிக் கீழே வர ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவருக்கும் போகும். கண்டுபிடிக்காத நோய் எந்தப் படத்திலும் ஏறாது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் இது மிகவும் வலிக்கிறது. இதற்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸின் தொற்று நீடித்துப் புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிடித்துவிடலாம். நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை தெரிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் பயிற்சி பெற்ற செவிலியரும் போதும். முடிவும் அப்போதே தெரியும். எஸ்டேட் பெண்களுக்கு அதை வார நாளில் வைத்தால் யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும், பெண் செவிலியரே பார்க்க வேண்டும்.

அதனால் இப்போது படத்தை இரண்டாகக் கொடுக்கிறேன். ஒன்றில் வழக்கமான விகிதம். இன்னொன்றில், எந்த ஊரில் எத்தனை பேருக்கு முற்றிய நிலையில் கண்டுபிடித்தார்கள், எத்தனை பேருக்குத் திசுப் பரிசோதனையே நடக்கவில்லை என்ற விவரம். முகாம் எங்கே என்று முடிவெடுக்க இரண்டாவதை முதலில் பாருங்கள் என்று கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறேன்.