ஒபாமாவின் முதல் ஆண்டும் வலதுசாரிகளின் வழக்கும்

2009 மே 21, வியாழன்

வாஷிங்டனில் இன்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உரைகள் நிகழ்ந்தன. அரசியல் சாசனத்தின் மூலப்படி இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் நின்று, பயங்கரவாதச் சந்தேகக் கைதிகளை அடைத்து வைத்திருக்கும் குவாண்டநாமோ சிறையை ஏன் மூட வேண்டும் என்று அதிபர் ஒபாமா விளக்கினார். அவர் முடிக்கும்வரை காத்திருந்த முன்னாள் துணை அதிபர் டிக் செனி, வலதுசாரி ஆய்வு மையமான அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட்டில் மறுப்புரை ஆற்றினார். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க மண்ணில் அதற்கு நிகரான தாக்குதல் நடக்காமல் போனது தற்செயல் அல்ல என்பதும், கடுமையான விசாரணை முறைகளே அதற்குக் காரணம் என்பதும், அம்முறைகளைப் பற்றிய நீதித் துறைக் குறிப்பாணைகளைச் சென்ற மாதம் 16ஆம் தேதி வெளியிட்டது எதிரிக்கு உதவிய செயல் என்பதும் அவருடைய வாதம். பயங்கரவாதத்தை எதிர்ப்பதில் நடுவழி என்று ஒன்று கிடையாது என்றார்.

செனி பேசுவதைக் கேட்டால் ஒபாமா பதவியேற்ற ஜனவரி 20க்கும், குவாண்டநாமோவை மூட ஆணையிட்ட 22க்கும் இடையில் நாட்டின் பாதுகாப்புக் கொள்கை முழுவதும் தலைகீழாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் புஷ் ஆட்சியில் நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத்துக்குத் தலைமை வகித்த ஜாக் கோல்ட்ஸ்மித், புஷ்ஷின் இரண்டாம் பருவத்து நடைமுறைகளில் பெரும்பாலானவற்றை ஒபாமா அப்படியே தொடர்கிறார் என்று இந்த வாரம் எழுதியிருக்கிறார். கைதிகளை வழக்கமான நீதிமன்றத்துக்கு வெளியே விசாரிக்கும் இராணுவ ஆணையங்கள் திரும்பி வருகின்றன. பாகிஸ்தானில் ஆளில்லா விமானத் தாக்குதல்கள் நிற்கவில்லை. வழக்குத் தொடரவும் முடியாத, விடுவிக்கவும் முடியாத கைதிகளைத் தொடர்ந்து அடைத்து வைக்க வேண்டியிருக்கும் என்று ஒபாமாவே இன்றைய உரையில் ஒப்புக்கொண்டார். குவாண்டநாமோவை மூட விரும்புவதாகப் புஷ்ஷும் பதவியில் இருந்தபோது சொன்னவர்தான்.

இருந்தும் அரசியலில் செனி கை ஓங்கியிருக்கிறது. சிறையை மூடுவதற்குக் கேட்ட 80 மில்லியன் டாலரை செனட் நேற்று 90க்கு 6 என்ற வாக்கில் மறுத்துவிட்டது. கைதிகளைத் தம் மாநிலச் சிறைகளில் வைக்க அதிபரின் சொந்தக் கட்சியினரே அஞ்சுகிறார்கள்.

ஜூலை 20, திங்கள்

ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதாக்களுக்கு எதிராகப் பழமைவாதிகள் தரப்பில் இந்த ஆண்டு எழுந்த வாதங்களில் மிக வலுவானதை வியாழனன்று எடுத்துக் கொடுத்தவர் பழமைவாதி அல்லர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் நிதிநிலை அலுவலகத்தின் இயக்குநர் டக்ளஸ் எல்மன்டார்ஃப், கட்சி சாராத பதவியில் இருப்பவர். மருத்துவச் செலவின் ஏறுமுகத்தை இந்த மசோதாக்கள் வளைக்குமா என்று செனட் குழுவின் ஜனநாயகக் கட்சித் தலைவரே கேட்டபோது, தேவையான அடிப்படை மாற்றங்கள் எதையும் அவற்றில் காணவில்லை என்றும், மத்திய அரசின் சுமை கூடவே செய்யும் என்றும் அவர் பதில் சொன்னார். சீர்திருத்தம் செய்தால் செலவு குறையும் என்பதே வெள்ளை மாளிகையின் முதன்மை வாதமாக இருக்கையில், இதைவிடப் பெரிய அடி வேறில்லை.

அவர் சுட்டிக்காட்டிய ஓட்டைகளில் ஒன்று வரிச் சலுகை. வேலை கொடுப்பவர் கட்டும் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஊழியர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது, ஆட்களை ஈர்ப்பதற்காக முதலாளிகள் கண்ட வழி வளர்ந்து, 1954இல் சட்டத்திலும் இடம்பெற்றது. உண்மையான விலை யார் கண்ணிலும் படாமல் போனதற்கு இதுவே மூலகாரணம் என்று வலதுசாரிப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சென்ற ஆண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன், இச்சலுகையை எடுத்துவிட்டுக் குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிக்கழிவு தருவதாகச் சொன்னார். அதை வரி உயர்வு என்று விளம்பரம் செய்து வீழ்த்தியவர் ஒபாமா.

மருத்துவமனை பில்லிங் மென்பொருளோடு வேலை செய்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன். உங்கள் காப்பீட்டுத் திட்டம் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஜூன் 15 அன்று சிகாகோவில் மருத்துவர் சங்கத்தின் முன் அதிபர் உறுதி கூறினார். இந்நாட்டில் ஊழியரின் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது ஊழியர் அல்ல, அவருடைய நிறுவனம். ஒவ்வொரு முறையும் நோயாளி தன் பங்காகக் கட்டும் கோ-பே ஆண்டுதோறும் மாறுகிறது, காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் அவர் தாமே செலவழிக்க வேண்டிய டிடக்டிபிள் மாறுகிறது, சில ஆண்டுகளில் காப்பீட்டு நிறுவனமே மாறிவிடுகிறது. அதிபர் கையில் இல்லாத ஒன்றை அதிபர் வாக்களித்திருக்கிறார் என்ற கண்டனத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இவ்வளவு நல்ல ஆயுதம் கையில் இருக்க, தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜிம் டிமின்ட், நெப்போலியன் வீழ்ந்த வாட்டர்லூவைப் போல இது ஒபாமாவின் வாட்டர்லூ ஆகும், அவரை முறித்துவிடும் என்று பேசியிருக்கிறார். கொள்கையைப் பற்றிய விவாதம் ஆளைப் பற்றியதாக மாறியதில் வெள்ளை மாளிகைக்குத்தான் மகிழ்ச்சி.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஒரு வாரமாக நாடு முழுவதும் ‘மரணக் குழு’ என்ற ஒரே பேச்சு. சென்ற ஆண்டு குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் 7ஆம் தேதி ஃபேஸ்புக்கில் எழுதிய குறிப்பு அது: தம் பெற்றோரும், டவுன் நோய்க்குறியுடன் பிறந்த தம் குழந்தையும் ஒபாமாவின் அதிகாரிகள் முன் நின்று உயிர் வாழத் தகுதி உண்டா என்று தீர்ப்புக் கேட்க வேண்டி வரும் என்றார். ஆயிரம் பக்க மசோதாவின் 1233ஆம் பிரிவு சொல்வதோ வேறு. இறுதிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைப்பது போன்ற ஏற்பாடுகளைப் பற்றி முதியவர் தம் மருத்துவரிடம் கலந்து பேச விரும்பினால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஆலோசனைக்கு முதியோருக்கான அரசுத் திட்டமான மெடிகேர் பணம் தரும், அவ்வளவுதான். இதைப் போன்ற யோசனையை முன்பு ஆதரித்த ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜானி ஐசக்சன், பேலினின் விளக்கம் பைத்தியக்காரத்தனம் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். ஆயினும் செனட் நிதிக் குழு அப்பிரிவைக் கைவிட்டுவிட்டது.

அச்சத்துக்கு அடித்தளமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிப்ரவரியில் நிறைவேறிய பொருளாதார ஊக்கத்தொகைச் சட்டத்தில், எந்தச் சிகிச்சை எதைவிடப் பயனுள்ளது என்று ஒப்பிட்டு ஆராய 1.1 பில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் இத்தகைய ஒப்பீட்டைச் செய்யும் நைஸ் அமைப்பு, ஒரு நல்ல வாழ்நாள் ஆண்டைக் கூட்டித் தர இருபது முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் செலவாகும் மருந்துகளைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. ஆராய்ச்சியில் தொடங்குவது, சிகிச்சையை அளந்து கொடுக்கும் பங்கீட்டில் முடியுமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் குரல் இப்போது கூச்சலில் அமிழ்ந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் க்ளெய்மை மறுப்பவரும் ஒருவகைப் பங்கீடு செய்பவரே என்பதை அந்தக் கேள்வி கேட்பவர்களும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

நேற்று ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் மைக்கேல் ஸ்டீல் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிய கட்டுரை. மெடிகேரில் கை வைக்கக் கூடாது, முதியோருக்கான செலவை வெட்டி மற்றவர்களுக்குக் காப்பீடு தரக் கூடாது என்கிறார். 1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர், அரசே நடத்தும் காப்பீடு. அத்தகைய திட்டம் வந்தால் சுதந்திரம் பறிபோகும் என்று 1961இல் மருத்துவர் சங்கத்துக்காக இசைத்தட்டில் பேசிப் பதிவு செய்தவர், பின்னாளில் அதிபரான ரேகன். அவரைத் தங்கள் வழிகாட்டியாகக் கொண்ட கட்சி இன்று மெடிகேரின் காவலனாக நிற்கிறது. தென் கரோலினாவில் ஒருவர், என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று தம் தொகுதி உறுப்பினரிடம் சொன்னாராம். கட்சித் தலைவர் அதையே செம்மையான உரைநடையில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, கைதிகளிடம் சிஐஏ நடத்திய விசாரணைகளை மறு ஆய்வு செய்ய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், அரசு வழக்கறிஞர் ஜான் டர்ஹாமை நியமித்தது. நாட்டைக் காத்தவர்களைப் பழிவாங்குவது இது என்று செனியும் அவரைச் சார்ந்தோரும் கொதிக்கிறார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் பழைய ஆட்சியின் அலுவலர்கள் மீது வழக்குப் பாயுமானால், அடுத்து வருபவர் எந்த ஆணையை நம்பி வேலை செய்வார் என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நேற்றே வெளியான சிஐஏ தலைமை ஆய்வாளரின் 2004ஆம் ஆண்டு அறிக்கையில், விசாரணையின்போது கைதியின் முன் மின்துளைக் கருவியை ஓடவிட்டு மிரட்டியது பதிவாகியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட முறைகளின் பட்டியலில் அது இல்லை.

மருத்துவரின் கட்டணத்தை நிர்ணயிக்க அரசு அதிகாரியை நம்பக் கூடாது என்பவர்கள், ரகசியச் சிறையில் என்ன செய்யலாம் என்று நிர்ணயிக்க அதே அரசின் அதிகாரியைக் கேள்வியின்றி நம்பச் சொல்கிறார்கள். பாதுகாப்பு அரசின் முதற்கடமை, மருத்துவம் அல்ல என்று விடை தருவார்கள் என்று தெரியும். கடமை எதுவானாலும் அதிகாரியின் இயல்பு மாறிவிடுமா?

செப்டம்பர் 18, வெள்ளி

எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்கப் போலந்தில் 10 இடைமறி ஏவுகணைகள், செக் குடியரசில் ரேடார் என்ற புஷ்ஷின் திட்டத்தை ஒபாமா நேற்று கைவிட்டார். சோவியத் படைகள் போலந்துக்குள் நுழைந்து நேற்றோடு 70 ஆண்டு நிறைவதை வெள்ளை மாளிகையில் ஒருவரும் நாட்காட்டியில் பார்க்கவில்லை போலும். கூட்டாளிகளைக் கைவிட்டு ரஷ்யாவுக்குப் பணிந்தார் என்ற கண்டனத்துக்கு அந்தத் தேதியே துணை போயிற்று. கப்பலிலிருந்து ஏவும் எஸ்எம்-3 ஏவுகணைகளே ஈரானின் குறுந்தூர ஆயுதங்களுக்கு ஏற்றவை என்று பரிந்துரைத்தவர் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ். புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சராக இருந்து பழைய திட்டத்தைப் பரிந்துரைத்தவரும் அவரே.

டிசம்பர் 2, புதன்

வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் நேற்றிரவு ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அறிவித்தார். தயங்கித் தயங்கி நிற்கிறார் என்று அக்டோபரில் செனி சாடியவரை இன்று மெக்கெய்ன் பாராட்டுகிறார். 2011 ஜூலையில் திரும்பப் பெறத் தொடங்குவோம் என்று தேதி குறித்ததை மட்டும் எதிர்க்கிறார். தாலிபான் காத்திருந்தால் போதுமே என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

டிசம்பர் 31, வியாழன்

24ஆம் தேதி காலை செனட் மருத்துவ மசோதாவை 60க்கு 39 என்று நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. விவாதத்தை முடித்து வைக்கத் தேவையான அறுபதாவது வாக்குக்காக, ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிகெய்டில் நெப்ராஸ்காவின் செலவை மற்ற மாநிலத்தார் தலையில் கட்டிய பேரம், கண்டனக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதப் பொருள் கொடுத்தது. ஆனால் மறுநாளே பேச்சு மாறிவிட்டது. டெட்ராய்ட்டில் இறங்கவிருந்த விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிபொருளோடு வந்த நைஜீரிய இளைஞனை, பயணிகளும் ஊழியர்களும் பிடித்து அமுக்கினார்கள். அவனுடைய தந்தையே முன்கூட்டி அமெரிக்கத் தூதரகத்தை எச்சரித்திருந்தும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஜேனட் நபோலிடானோ, ஏற்பாடுகள் வேலை செய்தன என்று தொலைக்காட்சியில் சொன்னார். இதற்கு வாங்கிய வசவு முழுவதும் தகும்.

அவனை இராணுவக் காவலில் வைக்காமல் குடிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஏன் என்ற கண்டனம் அப்படியல்ல. 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருள் வைத்திருந்த ரிச்சர்ட் ரீடை, புஷ்ஷின் அரசு பாஸ்டனில் குடிமை நீதிமன்றத்தில்தான் நிறுத்தியது. அவன் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறான்.

2010 ஜனவரி 20, புதன்

டெட் கென்னடி 1962 முதல் வைத்திருந்த மாசசூசெட்ஸ் செனட் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் 52க்கு 47 சதவீதத்தில் வென்றுவிட்டார். நூறு பேர் கொண்ட செனட்டில் மசோதாவைத் தடுக்கும் 41ஆவது வாக்கு நானே என்று சொல்லியே ஓட்டுக் கேட்டவர், நேற்றிரவு வெற்றி உரையில், வரிப்பணம் பயங்கரவாதிகளைத் தடுக்கும் ஆயுதங்களுக்குப் போகட்டும், அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கு வேண்டாம் என்ற வரிக்கும் பெரும் கைதட்டல் வாங்கினார். ஆண்டு முழுவதும் தனித்தனியே ஓடிய இரண்டு கண்டனங்களை ஒரே வேட்பாளர் ஒரே மேடையில் சேர்த்துக் கட்டியது இப்போதுதான்.

அதே பிரவுன், 2006இல் ஆளுநர் மிட் ராம்னி கொண்டுவந்த மாசசூசெட்ஸ் காப்பீட்டுச் சட்டத்துக்கு மாநில மேலவையில் ஆதரவாக வாக்களித்தவர். ஒவ்வொருவரும் காப்பீடு வாங்கியே தீர வேண்டும் என்ற அதன் மையக் கருத்தை 1989இல் முன்வைத்ததும் வலதுசாரிகளின் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்தான். எங்கள் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது, மற்ற மாநிலங்களுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று பிரவுன் கேட்டார். மாசசூசெட்ஸ் வாக்காளருக்கு அது கணக்காகப் புரிந்தது.

இனி மசோதாவுக்கு மிஞ்சியிருக்கும் நேர்வழி ஒன்றே: செனட் நிறைவேற்றியதைப் பிரதிநிதிகள் சபை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்க வேண்டும். நவம்பரில் தன் சொந்த மசோதாவையே அந்தச் சபை 220க்கு 215 என்றுதான் நிறைவேற்றியது. அதிலும் கருக்கலைப்பு விதியைக் கடுமையாக்கிய பிறகே சேர்ந்த ஜனநாயகக் கட்சியினர் பலர். செனட் மசோதாவில் அந்த விதி அவ்வளவு கடுமையாக இல்லை. அவர்களைச் சபைத் தலைவர் பெலோசி எப்படி இழுத்து வரப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நெப்ராஸ்கா பேரத்துக்குக் கைதூக்க அவருடைய கட்சியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இந்த வாரமே எண்ணத் தொடங்கியாக வேண்டும்.